உள்ளிருந்து திறக்கும் கதவு ஒன்று வேண்டி

அனுப்புநர்:
தையல் பிரிவுத் தொழிலாளி,
மூன்றாம் வரிசை,
தலையணை ஏற்றுமதி ஆலை,
துறைமுகச் சாலை.
(புகார் கொடுப்பவர்களின் பெயர் வெளியே தெரியாமல் காக்கப்படும் என்ற தங்கள் பிரிவின் அறிவிப்பை நம்பி, என் பெயரையும் இம்மனுவில் வருகிற மற்றவர்களின் பெயர்களையும் தனி உறையில் வைத்து ஒட்டியுள்ளேன்.)

பெறுநர்:
உயர்திரு புகார் விசாரணை அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் உரிமைப் பிரிவு,
வெளிநாட்டு வர்த்தக ஒப்பந்தங்கள் துறை.

பொருள்: ஏற்றுமதிச் சரக்கு கட்டும் அறையில் தொழிலாளர்களை உள்ளே வைத்து வெளியே பூட்டுவது – அது குறித்த என் புகார் “வர்த்தகத்தைப் பாதிக்கவில்லை” என்று திருப்பி அனுப்பப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. என் புகார், டிசம்பர் மாதம்.
2. லாரி ஓட்டுநருக்குத் துறைமுக நுழைவுப் பிரிவு அனுப்பிய ஆணை, ஜனவரி மாதம்.
3. தங்கள் அலுவலகப் பதில், பிப்ரவரி மாதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்ததற்கு முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். பதிலே வராது என்று எங்கள் வரிசையில் பலரும் சொல்லியிருந்தார்கள். வந்துவிட்டது என்ற பெருமையில் அரை நாள் உறையைப் பிரிக்காமலே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் படித்தேன். நம் நாடும் சரக்கு வாங்கும் நாடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தொழிலாளர் உரிமைகளைக் காப்பதாக உறுதி உண்டு என்றும், அந்த உறுதி மீறப்பட்டது “இரு நாடுகளுக்கிடையேயான வர்த்தகத்தைப் பாதிக்கும் வகையில்” இருந்தால் மட்டுமே புகாரை ஏற்க முடியும் என்றும், நான் எழுதியது “உடல்நலம் சார்ந்த தற்செயல் நிகழ்வு” என்றும் அதில் கண்டிருந்தது.

2. முதல் புகாரை நான் மிகவும் சுருக்கமாக எழுதியிருந்தேன். அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது வீட்டுக் கதை பேசக்கூடாது என்று என் கணவர் சொன்னதைக் கேட்டேன். இம்முறை அவரிடம் கேட்கவில்லை. நடந்தது முழுவதும் தெரிந்தால் தாங்கள் வேறு விதமாக முடிவெடுக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் விரிவாக எழுதுகிறேன். பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

3. இப்புகாரில் பாதிக்கப்பட்டவர் என் கணவரின் தங்கை. வீட்டில் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். இங்கும் அப்படியே குறிப்பிட அனுமதி வேண்டுகிறேன். நான் திருமணமாகி அந்த வீட்டுக்குப் போன புதிதில் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள். நான் வைத்த பாத்திரத்தை அவள் இடம் மாற்றி வைப்பாள். அவள் மடித்த துணியை நான் பிரித்து மறுபடி மடிப்பேன். பிறகு அவளுக்கும் இதே ஆலையில், என் பக்கத்துத் தையல் இயந்திரத்திலேயே வேலை கிடைத்தது. தையல் கூடத்தின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழகினோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு எதிரே உட்கார்ந்து, சத்தமே இல்லாமல், அவரைப் பற்றியே பேசிச் சிரித்துக்கொண்டிருப்போம். “ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டிருந்த காலமே எனக்கு நல்லா இருந்துச்சு” என்று அவர் சொல்வார். சிட்டு திருமணமாகி அடுத்த தெருவுக்குத்தான் போனாள். அவள் கணவர் லாரி ஓட்டுநர். எங்கள் ஆலையின் கன்டெய்னர்களைத் துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்பவர். அதிகம் பேசாதவர். சிட்டு இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

4. இப்போது அந்த அறையைப் பற்றி. எங்கள் ஆலைக்கு “நம்பகமான ஏற்றுமதியாளர்” என்ற சான்று உண்டு. அந்தச் சான்று இருந்தால் வாங்கும் நாட்டின் துறைமுகத்தில் எங்கள் கன்டெய்னரைத் திறந்து சோதிக்காமலே விடுவார்களாம். அதற்காக, சரக்கு கட்டும் அறைக்குள் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்பது கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை உள்ளது. கண்காணிக்க ஓர் ஆளை நிறுத்துவதைவிடப் பூட்டுப் போடுவது சுலபம் என்பதால், எங்கள் நிர்வாகம் பூட்டுப் போட்டது. கன்டெய்னர் புறப்படும் நாளில் தையல் கூடத்திலிருந்தும் சிலரைச் சரக்கு கட்ட அனுப்புவார்கள். நாங்கள் உள்ளே போனதும் ஷட்டர் இறங்கும். வெளியே பூட்டி, அதன் மேல் சீல் வைப்பார்கள். வேலை முடியும்வரை திறக்க மாட்டார்கள். அறைக்குள் கழிப்பறை கிடையாது. ஆகவே அந்த நாட்களில் நாங்கள் யாரும் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, நாங்களாகவே பழகிக்கொண்டோம்.

5. சம்பவம் நடந்தது நவம்பர் மாதக் கடைசியில். சிட்டு நிறைமாத கர்ப்பிணி. அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு விடுப்பு. குழந்தை முந்திக்கொண்டது ஆலையின் குற்றம் அல்ல. அதை நான் எங்கும் குற்றமாகச் சொல்லவில்லை. அன்று சரக்கு கட்ட அவளை அனுப்ப வேண்டாம் என்று நான் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும்; இரைச்சலில் கூப்பிடுவதற்காக வைத்திருப்பது. அதனால் அவருக்கு விசில் அண்ணன் என்றே பெயர். நல்ல மனிதர். “உட்கார்ந்து செய்யற வேலையா பார்த்துத் தரேன்மா, கவலைப்படாதீங்க” என்று சொல்லி, அட்டைப்பெட்டியில் விலாசச் சீட்டு ஒட்டும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். அவரும் எங்களோடு உள்ளேதான் இருந்தார். உள்ளே இருப்பவரிடம் சாவி இருக்கக்கூடாது என்பது விதி.

6. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சிட்டு ஒட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முதலில் இடுப்பு வலி என்றாள். பேசிக்கொண்டே இருப்பவள் பேச்சை நிறுத்தியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் உட்கார்ந்திருந்த இடம் நனைந்திருந்தது. விசில் அண்ணன் ஷட்டரைத் தட்டி, ஊதி, கத்தினார். வெளியே இருந்த காவலாளி மேலாளருக்குப் போன் செய்தார். மேலாளர் துறைமுகத்தில் இருந்தார். சுங்க அதிகாரி வந்து பார்க்காமல் சீலை உடைத்தால் அந்தக் கன்டெய்னர் கப்பல் ஏறாது, சான்றும் போய்விடும், தான் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு உடனே வருகிறேன் என்று சொன்னாராம். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வருவதாகச் சொன்னவர் வந்துகொண்டும்தான் இருந்தார். துறைமுகச் சாலையில் வண்டி நகர்வது எப்படி என்று தங்களுக்கும் தெரிந்திருக்கும். மேலாளர் சொல்லாமலே ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டவர் அந்தக் காவலாளி. அவரை இங்கு நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.

7. எங்கள் தலையணைகளைக் காற்றை உறிஞ்சித் தகடு மாதிரி தட்டையாக்கித்தான் பையில் அடைப்போம். கன்டெய்னரில் இடம் மிச்சமாகும் என்பதற்காக. சிட்டுவைச் சிமெண்ட் தரையில் படுக்க வைக்க முடியாது. விசில் அண்ணன் கத்தியை எடுத்து, கட்டி முடித்த பெட்டியைக் கிழித்து, பைகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அறுத்ததும் தலையணைகள் பெருமூச்சு விடுவது போல உப்பிக்கொண்டு எழுந்தன. அவற்றை வரிசையாகப் போட்டு அவளைக் கிடத்தினோம். பிறகு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, மேசை விரிப்பு ஒன்றை இரண்டு கையாலும் பின்புறமாக விரித்துப் பிடித்து எங்களுக்குத் திரை ஆனார். கடைசிவரை திரும்பவில்லை. “என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சு” என்று சுவரிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

8. சரக்கு கட்டும் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். மூன்று பிள்ளை பெற்றவர் என்பதைத் தவிர அவருக்கும் வேறு பயிற்சி கிடையாது. “நான் பெத்திருக்கேன், பெத்துக்கொடுத்ததில்ல” என்று சொல்லிக்கொண்டேதான் சேலையைத் தூக்கிச் செருகினார். நான் சிட்டுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

9. அப்போதுதான் அவள் கணவர் அன்றைய கன்டெய்னரை ஏற்றிச்செல்ல லாரியுடன் வெளியே வந்து நின்றார். உள்ளே பெண்கள் சத்தம் கேட்டு, ஏதோ சண்டை என்று முதலில் நினைத்ததாகப் பின்னால் சொன்னார். அதற்குள் மனைவியின் குரல் கேட்டுவிட்டது. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. அவர் தரையில் குப்புறப் படுத்து அந்த இடைவெளியில் வாயை வைத்து, “நான் இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவ்வளவு வலியிலும் சிட்டு, “அங்க இருந்து என்ன பிரயோஜனம், உள்ள வாங்க” என்றாள். எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

10. அவர் எழுந்து போனார். காவலாளியிடம் இரண்டு முறை கேட்டாராம். காவலாளி கைகூப்பி, “சாவி என்கிட்ட இல்லப்பா, மேனேஜர், சுங்க அதிகாரி ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்” என்றாராம். பிறகு லாரியிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்தார். இரும்புக் கம்பியால் ஷட்டரின் அடிப்பட்டையை நெம்பி, ஜாக்கியை நுழைத்து, சக்கரம் மாற்றுவதற்கு லாரியை உயர்த்துவது போல ஷட்டரை உயர்த்தத் தொடங்கினார். உள்ளிருந்து எங்களுக்கு அந்தத் தகரம் முனகும் சத்தம் கேட்டது. அது பாதி உயர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. அழுதது. அந்த அழுகையைக் கேட்டு வெளியே ஜாக்கி நின்றுவிட்டது. “நிறுத்தாதீங்க, ரத்தம் நிக்கல” என்று நான் கத்தினேன்.

11. பூட்டுக் கொண்டி பெயர்ந்து சீல் அறுந்தது. அவர் தவழ்ந்து உள்ளே வந்தார். நேரே மனைவியின் முகத்தருகே போய் உட்கார்ந்தார். குழந்தையை அக்கா நீட்டிய பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு நினைவு வந்தது. ஆம்புலன்ஸ் வாசலில் தயாராக நின்றதால் மருத்துவமனைக்குப் போக முடிந்தது. சிட்டுவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் தாய் பிழைத்திருக்க மாட்டாள் என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். அவருடைய சான்றை இணைத்துள்ளேன். தாயும் சேயும் இப்போது நலம். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறாள். தூக்கினால் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதே அவளுக்கு வேலை.

12. அன்றைய கன்டெய்னர் கப்பல் ஏறவில்லை. ஆலையின் சான்று சில வாரங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு திரும்பக் கிடைத்தது. ஷட்டரும் சரிசெய்யப்பட்டது. பழைய கொண்டி பலவீனமாக இருந்தது என்று இப்போது இன்னும் பலமான கொண்டி போட்டிருக்கிறார்கள்.

13. ஜனவரியில் சிட்டுவின் கணவருக்குத் துறைமுகத்திலிருந்து ஆணை வந்தது. சீலிடப்பட்ட ஏற்றுமதிப் பகுதியை உடைத்து “பன்னாட்டு வர்த்தகத்துக்கு இடையூறு விளைவித்த” காரணத்தால் அவருடைய துறைமுக நுழைவு அட்டை ரத்து செய்யப்பட்டதாக அதில் இருக்கிறது. அட்டை இல்லாமல் கன்டெய்னர் லாரி ஓட்ட முடியாது. இப்போது செங்கல் ஏற்றுகிறார். அவர் யாரிடமும் குறை சொல்லவில்லை. ஆனால் துறைமுகச் சாலை வழியாகப் போக வேண்டிய நாட்களில் சுற்றுவழியில் போகிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

14. தங்கள் பதில் வந்த அன்று நான் அதை எடுத்துக்கொண்டு சிட்டுவின் வீட்டுக்குப் போனேன். அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் படித்துக்காட்டினேன். வர்த்தகம் பாதிக்கப்படவில்லை என்ற இடம் வந்ததும், “அப்போ இவருக்கு வந்த கடிதத்தையும் எடுத்துப் பாருங்க அண்ணி” என்றாள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே நாள், ஒரே அறை, ஒரே ஷட்டர். அதை உடைத்துத் திறந்தவரால் வர்த்தகம் பாதிக்கப்பட்டதாக ஓர் அலுவலகம் சொல்கிறது. அதைப் பூட்டி வைத்ததால் வர்த்தகம் பாதிக்கப்படவில்லை என்று இன்னோர் அலுவலகம் சொல்கிறது. சிட்டு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, “வர்த்தகத்துக்கு எங்கதான் வலிக்கும்னு கேட்டு எழுதுங்களேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. எனக்கும் பதில் தெரியவில்லை. ஆகவே தங்களைக் கேட்கிறேன்.

15. என் கருத்தை மட்டும் பணிவுடன் பதிவு செய்கிறேன். எங்களைப் பூட்டி வைப்பதால் கண்காணிக்க ஆள் போடும் செலவு ஆலைக்கு மிச்சமாகிறது. அந்த மிச்சத்தால் குறைந்த விலையோடுதான் எங்கள் தலையணை வாங்கும் நாட்டுக் கடைக்குப் போய், கதவைத் திறந்து வைத்து வேலை வாங்கும் ஆலையின் தலையணைக்குப் பக்கத்தில் உட்காருகிறது. வாங்குகிறவர் விலையைப் பார்த்து எங்களுடையதை எடுக்கிறார். இது வர்த்தகத்தைப் பாதிப்பது ஆகாதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். ஒருவேளை ஆகாது என்றே தாங்கள் முடிவு செய்தாலும், அந்த அறையில் இருந்தவர்கள் பாதிக்கப்பட்டோம் என்பதை எங்காவது ஓர் இடத்தில் எழுதிவைக்க வழி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

16. நான் இந்த மனுவை எழுதுவதில் ஆலையில் எல்லோருக்கும் சம்மதம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். “நீ பாட்டுக்கு எழுதி, ஒப்பந்தத்துல கிடைக்கிற வரிச்சலுகை போயி, ஆலையை மூடிட்டா நாங்க எங்க போறது” என்று என் வரிசையிலேயே ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் பயம் நியாயமானது. அவருக்கு வயதான மாமனாரும் கல்லூரி போகும் மகளும் இருக்கிறார்கள். எனக்கும் இந்த வேலை வேண்டும். இந்த வேலை எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஓரம் நேராக வந்த தலையணையை முடித்துப் போடும்போது வரும் நிம்மதி எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. ஆகவே ஆலையை மூடவோ, சரக்கைத் தடை செய்யவோ, எவரையும் வேலையிலிருந்து நீக்கவோ நான் கேட்கவில்லை. பிரசவம் பார்த்த அக்காவும் விசில் அண்ணனும் என்னிடம் குறிப்பாகச் சொல்லச் சொன்னதும் இதுவே. விசில் அண்ணன் விசாரணையில் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார். பெட்டியைக் கிழித்ததற்காக அவருக்கு ஏற்கனவே ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. இன்னொன்று வந்தாலும் பரவாயில்லை என்றார்.

17. எனவே தாங்கள் கருணை கூர்ந்து,

அ) என் புகாரை மறுபடி எடுத்து, அந்த அறையையும் ஷட்டரையும் நேரில் வந்து பார்வையிட வேண்டும்.

ஆ) ஆள் உள்ளே இருக்கும் நேரத்தில் சரக்கு அறைக்கு உள்ளிருந்து திறக்கக்கூடிய கதவு ஒன்று இருக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டும். திறந்தால் மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ளட்டும். கண்காணிப்புக்கு அது போதும். அதோடு எங்களுக்கு ஒரு கழிப்பறையும் வேண்டும்.

இ) சிட்டுவின் கணவருடைய நுழைவு அட்டையைத் திருப்பித் தரும்படி துறைமுகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். அட்டை தருவது தங்கள் துறையின் வேலை அல்ல என்பதை அறிவேன். ஆனால் அன்று அவர் உடைக்காமல் இருந்திருந்தால் இந்த மனு வேறு மாதிரி இருந்திருக்கும் என்ற ஒரு வரியைத் தாங்கள் எழுதினால், அதற்கு மதிப்பு இருக்கும்.

18. அவசரம் கருதி ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். சிட்டுவின் விடுப்பு இம்மாதத்தோடு முடிகிறது. ஏப்ரல் முதல் தேதி வேலைக்கு வர வேண்டும். வராவிட்டால் இடம் போய்விடும். வருவதாகவே முடிவு செய்திருக்கிறாள். அந்த வாரத்திலேயே ஒரு கன்டெய்னர் இருக்கிறது, சரக்கு கட்ட எங்கள் வரிசையைத்தான் அனுப்புவார்கள். அவள் வீட்டுக்கு எதிரே ஒரு மளிகைக்கடை உள்ளது. அந்தக் கடைக்காரர் மதியம் ஷட்டரை இறக்கும்போதெல்லாம் இவள் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் போய்க் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். முதல் நாள் அவளை வேலைக்குக் கூட்டிப் போகப் போகிறவள் நான். வாசலில் நின்று, “உள்ளேயிருந்து திறக்கலாம், வா” என்று அவளிடம் சொல்வதற்கு எனக்குத் தங்கள் உத்தரவு தேவைப்படுகிறது. அந்தத் தேதிக்கு முன் அதை எனக்குக் கிடைக்கச் செய்யுமாறு மிகுந்த பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
மூன்றாம் வரிசைத் தையல் தொழிலாளி

இடம்: துறைமுகச் சாலை
நாள்: மார்ச் 9

இணைப்பு:
மருத்துவர் சான்று
துறைமுக ஆணையின் நகல்
தங்கள் பதிலின் நகல்
பெயர்கள் அடங்கிய உறை